லாரியில் வரும் வீடு... கடலோரத்தில் நிலைக்குமா?

கோவளம் தாண்டி மாமல்லபுரம் நோக்கிப் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் சில நேரம் இப்படியொரு காட்சியைப் பார்க்கலாம். நீளமான டிரெய்லர் லாரியின் மேல் ஒரு முழு அறை உட்கார்ந்திருக்கும். கதவு இருக்கும், ஜன்னல் இருக்கும், ஏ.சி. மாட்டுவதற்கான ஓட்டைகூட இருக்கும். மனையில் கிரேன் தயாராக நிற்கும். காலையில் வெறும் அஸ்திவாரமாக இருந்த இடத்தில் சாயங்காலம் வீடு நிற்கும்.

பார்ப்பவர்களுக்கு முதலில் வருவது ஆசை. 'ஆறு மாசம் மேஸ்திரி பின்னாடி அலைய வேண்டாம், மணலுக்கும் தண்ணீருக்கும் நிற்க வேண்டாம்' என்று தோன்றும். அடுத்த நிமிடமே சந்தேகமும் வரும். புயல் அடித்தால் நிற்குமா? உப்புக் காற்றில் துருப்பிடிக்காதா? மே மாத வெயிலில் உள்ளே இருக்க முடியுமா? பிள்ளைகளுக்கு விட்டுப்போகிற வீடா, பத்து வருஷத்தில் பழைய இரும்புக்குப் போடுகிற வீடா?

செங்கல்பட்டு மாவட்டத்தில் மனை வாங்கிவிட்டு, 'ரெடிமேட் வீடு' விளம்பரங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும் எல்லாக் குடும்பங்களுக்கும் இந்தக் கேள்விகள் உண்டு. பதில் தேட வெளிநாடு போக வேண்டியதில்லை. இதே மாவட்டத்தில், பெரும்பாக்கத்தில், நாட்டுக்கே மாதிரியாகக் கட்டப்பட்ட ஒரு குடியிருப்பு இருக்கிறது.

பெரும்பாக்கத்தில் 1,152 வீடுகள்

மத்திய அரசு 2019-ல் 'உலகளாவிய வீட்டுவசதித் தொழில்நுட்பச் சவால்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. வேகமாகவும் குறைந்த கழிவோடும் கட்ட உதவும் 54 தொழில்நுட்பங்கள் அதில் பட்டியலிடப்பட்டன. அவற்றிலிருந்து ஆறு முறைகளைத் தேர்ந்தெடுத்து, ஆறு நகரங்களில் 'லைட் ஹவுஸ் புராஜெக்ட்' என்ற பெயரில் குடியிருப்புகள் கட்டினார்கள். இந்தூரில் சாண்ட்விச் பலகை, ராஜ்கோட்டில் டனல் ஃபார்ம், ராஞ்சியில் முழு அறையாகவே வார்க்கும் முறை, அகர்தலாவில் மெல்லிய எஃகுச் சட்டகம், லக்னோவில் பி.வி.சி. அச்சுப் பலகை. சென்னைக்குக் கிடைத்தது பிரீகாஸ்ட் கான்கிரீட்.

2021 ஜனவரி 1-ம் தேதி அடிக்கல் நாட்டப்பட்டது. தரைத்தளமும் ஐந்து மாடிகளும் கொண்ட 12 கட்டடங்கள், மொத்தம் 1,152 வீடுகள், செலவு சுமார் 116 கோடி ரூபாய். ஓராண்டில் முடிப்பது இலக்கு. இடையில் கொரோனா இரண்டாம் அலை வந்தது. 2022 மே 26-ம் தேதி திறக்கப்பட்டபோது ஏறக்குறைய 17 மாதங்கள் ஆகியிருந்தன. இலக்கு தவறினாலும், 1,152 வீடுகளுக்கு அது குறைந்த காலம்தான்.

இந்த முறையில் தூண், உத்தரம், தளப் பலகை, படிக்கட்டு எல்லாவற்றையும் வார்ப்புக் கூடத்தில் தனித்தனியாக வார்த்து, ஆறவைத்து, கட்டுமிடத்துக்குக் கொண்டுவந்து கிரேனால் தூக்கி வைக்கிறார்கள். அறைகளைப் பிரிக்கும் சுவர்களுக்கு எடை குறைந்த ஏ.ஏ.சி. கற்கள். மேல்மாடிக்குச் சென்ட்ரிங் அடித்து, கான்கிரீட் போட்டு, அது இறுகும்வரை காத்திருக்கும் வேலை பெரும்பாலும் இல்லை. மிச்சமாகும் காலம் அங்கேதான்.

கிரேன் தூக்கி வைத்த தூணும் உத்தரமும் தொட்டுக்கொண்டு நின்றால் மட்டும் போதாது. ஒவ்வொரு துண்டிலிருந்தும் கம்பிகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அவை ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும் இடத்தில், மூலைமுடுக்கெல்லாம் தானாகவே பாய்ந்து நிரம்பும் கான்கிரீட்டை அந்த இடத்திலேயே ஊற்றுகிறார்கள். அது இறுகிய பிறகுதான் தனித்தனித் துண்டுகள் ஒரே கட்டடமாகின்றன.

லாரியில் வரும் எந்த வீட்டுக்கும் அடிப்படை இதுதான். தொழிற்சாலையில் துண்டு நன்றாக வரலாம். அந்தத் துண்டும் அடுத்த துண்டும் சேரும் இணைப்பு சரியாக இருந்தால்தான் வீடு நிற்கும். இந்தத் தொழிலின் கசப்பான அனுபவங்கள் பெரும்பாலும் இணைப்பில் நேர்ந்தவைதான்.

லண்டனிலும் புஜ்ஜிலும் நடந்தது

1968 மே 16-ம் தேதி அதிகாலை. லண்டனின் கிழக்குப் பகுதியில் ரோனன் பாயின்ட் என்ற 22 மாடிக் கட்டடம். தொழிற்சாலையில் வார்த்த பெரிய சுவர்ப் பலகைகளை அடுக்கிக் கட்டியது. மக்கள் குடியேறி இரண்டு மாதங்கள்தான் ஆகியிருந்தன. 18-வது மாடியில் ஒரு வீட்டுச் சமையலறையில் கேஸ் கசிந்து வெடித்தது. வெடிப்பு அவ்வளவு பெரியதல்ல. ஆனாலும் அந்த வீட்டின் வெளிச்சுவர்ப் பலகை கழன்று விழ, அதன்மேல் நின்ற மாடிகள் சரிய, அந்தப் பாரம் தாங்காமல் கீழே இருந்த மாடிகளும் சீட்டுக்கட்டுபோல வரிசையாக விழுந்தன. கட்டடத்தின் ஒரு மூலை முழுவதும் போனது. நான்கு பேர் இறந்தார்கள்.

1986-ல் அந்தக் கட்டடத்தைப் பிரித்தபோது, பலகைகளின் இணைப்புகளில் பல இடங்களில் கலவை சரியாக நிரப்பப்படாமல் இருந்தது தெரியவந்தது. கலவை இருக்க வேண்டிய இடத்தில் செய்தித்தாளைத் திணித்திருந்ததையும் கண்டார்கள். 'ஒரு பகுதி சேதமானால் மொத்தமும் தொடர்ந்து சரியக் கூடாது' என்ற விதி பல நாடுகளின் கட்டட விதிகளில் இடம்பெற அந்த விபத்துதான் காரணம்.

நம் நாட்டுக்கும் இதே அனுபவம் உண்டு. 2001 ஜனவரி 26-ம் தேதி குஜராத்தில் புஜ் நிலநடுக்கம். கட்ச் பகுதியில் அதற்குச் சற்று முன்புதான் பிரீகாஸ்ட் பலகைகளைக் கொண்டு பல பள்ளி வகுப்பறைகளைக் கட்டியிருந்தார்கள். அவற்றில் ஏராளமானவை இடிந்தன. கூரைப் பலகைகள் ஒன்றோடொன்றும் சுவரோடும் சரியாகப் பிணைக்கப்படாமல், சுவரின் மேல் வெறுமனே உட்கார்ந்திருந்தன. தரை குலுங்கியதும் நழுவி விழுந்துவிட்டன. அன்று குடியரசு தினம் என்பதால் வகுப்புகள் நடக்கவில்லை.

'நம்ம பக்கம் பூகம்பம் வருமா?' என்று கேட்கலாம். 2002-ல் நிலநடுக்கத்துக்கான இந்தியத் தரநிலையைத் திருத்தியபோது, சென்னையை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு உயர்த்தினார்கள். அதாவது, மிதமான அதிர்வு வரக்கூடும் என்று எண்ணித்தான் இங்கே கட்ட வேண்டும்.

சுதந்திரம் வந்த புதிதில் டெல்லியிலும் ஒரு முயற்சி நடந்தது. பிரிவினையால் வீடிழந்து வந்தவர்களுக்கு வேகமாக வீடு கட்ட, நேரு அரசு ஜங்புராவில் வீட்டுத் தொழிற்சாலை ஒன்றைத் தொடங்கியது. அங்கே தயாரித்த சுவர்ப் பலகைகள் விரிசல் விட்டதால் அந்தக் கனவு அப்போது நிறைவேறவில்லை. அந்தத் தொழிற்சாலைதான் பின்னாளில் இந்துஸ்தான் பிரீஃபேப் லிமிடெட் என்ற அரசு நிறுவனமாகி, ரயில்வேக்கான கான்கிரீட் ஸ்லீப்பர்கள் வரை தயாரித்தது. பிரச்னை பிரீகாஸ்ட் முறையில் இல்லை. அதைப் பரிசோதித்து, பக்குவப்படுத்தாமல் அவசரப்பட்டதில் இருந்தது.

எல்லாம் ஒரே 'மாடுலர்' இல்லை

விளம்பரங்களில் எல்லாவற்றையும் 'மாடுலர் வீடு' என்றே சொல்கிறார்கள். உண்மையில் மூன்று வகைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் பலமும் பலவீனமும் வேறு.

முதலாவது, பெரும்பாக்கத்தில் உள்ளதுபோல கான்கிரீட் துண்டுகளை இணைப்பது. கனமானது, உறுதியானது. ஆனால் பெரிய கிரேனும் அகலமான பாதையும் வேண்டும். ஒரே ஒரு வீட்டுக்கு இது பெரும்பாலும் கட்டுப்படியாகாது. நூற்றுக்கணக்கில் கட்டும்போதுதான் லாபம்.

இரண்டாவது, மெல்லிய எஃகுச் சட்டகம் நிறுத்தி, அதில் சிமென்ட் போர்டு அல்லது சாண்ட்விச் பலகைகளைப் பொருத்துவது. எடை குறைவு, வேகம் அதிகம். ஓய்வு இல்லங்கள், கடைகள், அலுவலகங்கள், மாடிமேல் கூடுதல் அறை போன்றவற்றுக்கு இதைப் பயன்படுத்துகிறார்கள்.

மூன்றாவது, அறையையே முழுப் பெட்டியாகச் செய்து கொண்டுவருவது. கன்டெய்னர் வீடும் இந்த வகைதான். சாலையில் போகும் வாகனத்தின் அகலம் 2.6 மீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது நம் மோட்டார் வாகன விதி. அதனால் சாதாரணமாக லாரியில் வரும் பெட்டி அறை எட்டரை அடி அகலத்தைத் தாண்டுவதில்லை. பெரிய கூடம் வேண்டுமென்றால் இரண்டு பெட்டிகளை ஒட்டி, நடுச்சுவரை எடுக்க வேண்டும். அங்கே மறுபடியும் இணைப்பு வந்துவிடுகிறது!

சிங்கப்பூருக்குக் கட்டட வேலைக்குப் போன நம் ஊர்க்காரர்களுக்கு இந்த மூன்றாவது வகை நன்றாகத் தெரியும். அங்கே 2014 முதல், அரசு விற்கும் குறிப்பிட்ட சில மனைகளில் இந்த முறையில்தான் கட்ட வேண்டும் என்று விதித்தார்கள். 2019-ல் முடிந்த 'கிளெமென்ட் கேனபி' என்ற 40 மாடி இரட்டைக் கோபுரம் 1,866 பெட்டிகளை அடுக்கிக் கட்டப்பட்டது. பெட்டிகளின் கான்கிரீட் கூட்டை மலேசியாவில் வார்த்து, சிங்கப்பூரில் உள்வேலைகளை முடித்து, பிறகு தூக்கி வைத்தார்கள்.

நம் பக்கத்திலும் இதற்கு உதாரணம் உண்டு. சென்னை ஐ.ஐ.டி. ஆதரவில் வளர்ந்த 'மாடுலஸ் ஹவுசிங்' நிறுவனம், கொரோனா காலத்தில் 'மெடிகேப்' என்ற மடக்கு மருத்துவமனையை உருவாக்கியது. மடித்தால் ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கும். லாரியில் ஏற்றி, போன இடத்தில் நான்கு பேர் சேர்ந்து விரித்துவிடலாம். 2020-ல் கேரளாவின் வயநாட்டில் வரதூரில் இப்படி ஒரு மருத்துவமனை அமைந்தது. அவசரத்துக்கு இதுபோல வேறு முறை கிடையாது. ஆனால், அவசரத்துக்கு அமைப்பதும் ஐம்பது ஆண்டுகள் குடியிருக்கக் கட்டுவதும் வெவ்வேறு கணக்கு. வாங்குபவர் முதலில் தெளிவாக வேண்டியது இதில்தான்.

கடல் காற்று என்ன செய்யும்?

மாமல்லபுரம் கடலோரத்தில் வீட்டின் முதல் எதிரி உப்பு. காற்றில் வரும் உப்பு, கான்கிரீட்டின் நுண்துளைகள் வழியாக மெல்ல உள்ளே போய்க் கம்பியைத் தொடுகிறது. கம்பி துருப்பிடித்தால் பருக்கும். பருத்தால் மேலிருக்கும் கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். கடலோரப் பழைய வீடுகளின் பால்கனி அடியில் கான்கிரீட் உதிர்ந்து கம்பி பல்லிளிப்பது இதனால்தான்.

இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456 இதற்குத் தெளிவாக அளவு சொல்கிறது. கடலோரச் சூழலைக் 'கடுமையானது' என்று வகைப்படுத்தி, குறைந்தபட்சம் எம்-30 தரக் கான்கிரீட்டும், கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் கவரும் வேண்டும் என்கிறது. கடல்நீர்த் திவலை நேராகத் தெறிக்கும் இடத்தில் எம்-35 தரமும் 50 மில்லிமீட்டர் கவரும் வேண்டும். ஊர்ப்பக்கம், கடலிலிருந்து தள்ளி, மழை வெயில் படாத இடத்துக்கு 20 மில்லிமீட்டரே போதும். உள்ளூரில் எங்கோ கட்டுவதற்கு வார்த்த பலகையைக் கடலோரத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு இந்த எண்களே பதில்.

ஒரு விஷயத்தில் தொழிற்சாலை வார்ப்புக்குச் சாதகம் இருக்கிறது. கட்டுமிடத்தில் கவர் பிளாக் வைக்க மறந்துபோவதும், கம்பி மிதிபட்டுக் கீழே இறங்குவதும் சகஜம். எஃகு அச்சில் வார்க்கும்போது ஒவ்வொரு பலகையிலும் ஒரே அளவு கவரைக் கொண்டுவர முடியும். ஆனால், இணைப்பு இடத்தில் அந்தச் சாதகம் கிடையாது. அங்கே கட்டுமிடத்தில் ஊற்றும் கலவைதான் பாதுகாப்பு.

எஃகுச் சட்டக வீட்டில், கம்பியின் மேல் பூசிய துத்தநாகம்தான் காவல். தொழிற்சாலையில் பூச்சு பூசி வந்த சட்டகத்தைக் கட்டுமிடத்தில் வெட்டினாலோ, துளையிட்டாலோ, வெல்டிங் வைத்தாலோ அந்த இடத்தில் காவல் போய்விடும். துரு அங்கேதான் தொடங்கும். போல்ட், நட்டு, ஸ்க்ரூ எல்லாம் சட்டகத்துக்கு ஈடான தரத்தில் இருக்க வேண்டும்.

அடுத்த எதிரி காற்று. 2022 டிசம்பர் 9-ம் தேதி நள்ளிரவையொட்டி மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகேதான் கரையைக் கடந்தது. இந்தக் கடலோரத்தில் கட்டடங்களை நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கி.மீ. காற்றுக்குக் கணக்கிட்டு வடிவமைக்க வேண்டும் என்கிறது தரநிலை. அந்த வேகத்தில் காற்று ஒரு சதுர மீட்டர் பரப்பை ஏறக்குறைய 150 கிலோ பாரத்துக்குச் சமமாகத் தள்ளும். 20 அடி கன்டெய்னரின் நீளப் பக்கம் சுமார் 16 சதுர மீட்டர். கணக்குப் போட்டால் 2 டன்னுக்கு மேல் வரும். வெற்று கன்டெய்னரின் எடையும் கிட்டத்தட்ட அவ்வளவுதான்! 'அதோட கனத்துலயே அது நிக்கும் சார்' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பெட்டியோ சட்டகமோ அஸ்திவாரத்தோடு ஆங்கர் போல்ட் போட்டுப் பிணைக்கப்பட்டிருக்க வேண்டும். கூரைத் தகடு தனியாகப் பிய்த்துக்கொண்டு போகாத அளவுக்கு ஸ்க்ரூ நெருக்கம் இருக்க வேண்டும்.

கன்டெய்னர் வாங்குபவர்கள் இன்னும் ஒன்று கவனிக்க வேண்டும். அதன் பலம் நான்கு மூலைத் தூண்களிலும், மடிப்பு மடிப்பான பக்கச் சுவர்களிலும் இருக்கிறது. பெரிய ஜன்னலுக்காகச் சுவரை வெட்டினால், அந்த இடத்தைச் சுற்றி எஃகுச் சட்டம் கொடுத்துப் பலப்படுத்த வேண்டும். பழைய கன்டெய்னரின் மரத்தரையில் பூச்சிமருந்து ஏற்றியிருப்பதும் வழக்கம். கதவில் பதித்திருக்கும் தகட்டில் என்ன மருந்து என்ற விவரம் இருக்கும். குழந்தைகள் தவழப்போகும் வீடு என்றால் அந்தத் தரையை மாற்றிவிடுவது நல்லது.

வெயிலும் நெருப்பும்

2004 சுனாமிக்குப் பிறகு நம் கடலோர மக்களுக்குத் தார்பூசிய ஷீட்டுகளால் தற்காலிகக் குடியிருப்புகள் போட்டார்கள். பகலில் உள்ளே உட்கார முடியாத அந்த வெக்கையை மீனவக் குடும்பங்கள் இன்னும் மறக்கவில்லை. மெல்லிய சுவர், மெல்லிய கூரை என்றால் நம் ஊரில் அதுதான் முதல் சோதனை.

அதற்காகத்தான் சாண்ட்விச் பலகைகளின் நடுவில் வெப்பம் தடுக்கும் பொருளை வைக்கிறார்கள். தெர்மாகோல், பஃப் என்கிற பாலியூரித்தேன் நுரை, ராக்வூல் ஆகியவை கிடைக்கின்றன. முதல் இரண்டும் வெப்பத்தை நன்றாகத் தடுக்கும். ஆனால், தீப்பிடித்தால் எரிந்து நச்சுப் புகை கக்கும். ராக்வூல் எரியாது. சமையலறையை ஒட்டிய சுவருக்கும் மின் இணைப்புப் பெட்டி வரும் சுவருக்குமாவது ராக்வூல் கேட்டு வாங்குவது புத்திசாலித்தனம். பழைய முறைகளையும் விட்டுவிட வேண்டாம். மேற்குச் சுவரில் ஜன்னலைக் குறைப்பது, கூரைக்கு மேல் இடைவெளி விட்டு இன்னொரு நிழல் கூரை போடுவது, இரண்டு பக்கமும் திண்ணையளவு நிழல் விடுவது போன்றவை எந்த இன்சுலேஷனுக்கும் துணை நிற்கும்.

'பசுமை வீடு' என்பது உண்மையா?

உலகம் வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடில் 7 முதல் 8 சதவிகிதம் வரை சிமென்ட் தயாரிப்பிலிருந்து வருவதாகக் கணக்கிடுகிறார்கள். அதனால் குறைவான கான்கிரீட்டில், கழிவில்லாமல் கட்டுவது நிச்சயம் நல்லது. தொழிற்சாலையில் அளந்து வெட்டுவதால் கம்பி, பலகை வீணாவது குறைகிறது. ஒரே எஃகு அச்சில் நூற்றுக்கணக்கான முறை வார்க்கலாம். சென்ட்ரிங் மரத்துக்கு வேலையில்லை. நீராவியில் பதப்படுத்தினால் தண்ணீரும் மிச்சம்.

கழிவையே சுவராக்கும் முறையும் இருக்கிறது. உரத் தொழிற்சாலைகளில் மலைபோலக் குவியும் பாஸ்போ ஜிப்சத்தைக் கண்ணாடி இழை சேர்த்து, 12 மீட்டர் நீளம், 3 மீட்டர் உயரம் உள்ள உள்ளீடற்ற பலகைகளாக வார்க்கிறார்கள். ஜி.எஃப்.ஆர்.ஜி. என்று பெயர். சென்னை ஐ.ஐ.டி. இதை விரிவாக ஆராய்ந்து, 2013-ல் தன் வளாகத்திலேயே நான்கு வீடுகள் கொண்ட இரண்டடுக்குக் கட்டடத்தை ஏறக்குறைய ஒரு மாதத்தில் கட்டிக் காட்டியது. பலகையின் உள்ளிடத்தில் கம்பி விட்டுக் கான்கிரீட் நிரப்பினால் அதுவே பாரம் தாங்கும் சுவர்.

ஆனால், எல்லா மாடுலர் வீடும் தானாகப் பசுமை வீடு ஆகிவிடாது. தூரத்திலிருந்து லாரியில் வந்தால் டீசல் செலவு உண்டு. நுரையும் தகடும் பசை போட்டு ஒட்டிய பலகையைப் பிரித்து மறுசுழற்சி செய்வது கடினம். போல்ட் போட்டு இணைத்த வீட்டைக் கழற்றி வேறு இடத்தில் நிறுத்தலாம். வெல்டிங் வைத்ததை வெட்டித்தான் எடுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, 50 ஆண்டுகள் நிற்க வேண்டிய வீடு 15 ஆண்டுகளில் துருப்பிடித்துப் போனால், அதில் மிச்சம் பிடித்தது எல்லாம் வீண். கடலோரத்தில் ஆயுள்தான் பெரிய பசுமை. சாம்பலோ இரும்பு உலைக் கசடோ கலந்த சிமென்ட், கார்பனையும் குறைக்கும்; உப்பு உள்ளே போவதையும் தாமதப்படுத்தும்.

வீடு எங்கே நிற்கிறது என்பதும் இதில் சேர்ந்ததுதான். பெரும்பாக்கம் பள்ளிக்கரணை சதுப்புநிலத்தை ஒட்டிய தாழ்வான பகுதி. வேலைக்கும் பள்ளிக்கும் தூரம், மழை வந்தால் வெள்ளம் என்று அங்கே குடியேற்றப்பட்ட மக்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார்கள். எவ்வளவு நல்ல பிரீகாஸ்ட் தூணாக இருந்தாலும், தெருவில் தேங்கும் தண்ணீரை அது வடிக்காது.

தூக்கி வைப்பவர்களின் பாதுகாப்பு

சாரத்தில் ஏறி வேலை செய்வது குறைவதால், உயரத்திலிருந்து விழும் ஆபத்து இந்த முறையில் குறைகிறது. சித்தாள் வேலைக்கு வரும் பெண்கள் கலவைச் சட்டியோடு மாடி ஏறி இறங்க வேண்டியதில்லை. ஆனால் புது ஆபத்து ஒன்று வருகிறது: தலைக்கு மேலே தொங்கும் பல டன் எடை. பலகையில் பதித்த கொக்கியின் பலம், கிரேனின் கொள்ளளவு, அந்த நேரத்துக் காற்று மூன்றும் சரியாக இருக்க வேண்டும். இணைப்புக் கலவை இறுகும்வரை முட்டுக் கம்பிகளை எடுக்கக் கூடாது. 'ஒரே நாளில் வீடு' என்ற அவசரத்தில் முதலில் பலியாவது இந்த முட்டுதான். உங்கள் மனையில் வேலை நடக்கும்போது, தொங்கும் பாரத்துக்குக் கீழே யாரும் நிற்காதபடி பார்த்துக்கொள்ளும் பொறுப்பு உங்களுக்கும் உண்டு.

'தற்காலிகம்' என்றால் அனுமதி வேண்டாமா?

'இது கழற்றி எடுத்துப் போற வீடு, பிளான் அப்ரூவல் தேவையில்லை' என்று சொல்லி விற்பவர்கள் உண்டு. குடியிருக்கக் கட்டும் எதற்கும் 2019-ம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த கட்டட விதிகள் பொருந்தும். இடத்தைப் பொறுத்து உள்ளாட்சி, டி.டி.சி.பி. அல்லது சி.எம்.டி.ஏ. அனுமதி வேண்டும். கடலை ஒட்டிய மனையென்றால் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளும் உண்டு. மாமல்லபுரத்தில் தொல்லியல் துறையின் பாதுகாக்கப்பட்ட சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதிய கட்டடமே கூடாது. அதற்கடுத்த 200 மீட்டருக்குள் சிறப்பு அனுமதி வேண்டும். லாரியில் வந்த வீட்டுக்கும் இதில் விலக்கு இல்லை.

முன்பணம் கொடுக்கும் முன் கேளுங்கள்

1. இந்த முறைக்கு மத்திய அரசின் பி.எம்.டி.பி.சி. அமைப்பு தரும் செயல்திறன் சான்றிதழ் இருக்கிறதா? இருந்தால் நகல் வாங்குங்கள்.

2. என் மனை இருக்கும் இடத்தின் காற்று வேகத்துக்கும் நிலநடுக்க மண்டலத்துக்கும் கணக்கிட்டு, ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயர் கையெழுத்திட்ட வரைபடம் தருவீர்களா?

3. பலகைக்குப் பலகை, சுவருக்குக் கூரை, அடித்தளத்துக்குச் சட்டகம் ஆகிய மூன்று இணைப்புகளும் எப்படி? பெரிதாக்கி வரைந்த படம் எங்கே?

4. கான்கிரீட் என்றால்: என்ன தரம், எவ்வளவு கவர், 28 நாள் கியூப் சோதனை முடிவு எங்கே? எஃகு என்றால்: துத்தநாகப் பூச்சின் அளவு என்ன, வெட்டிய இடங்களுக்கு என்ன செய்வீர்கள்?

5. பலகைக்குள் இருக்கும் இன்சுலேஷன் எது, தீச் சோதனைச் சான்று உண்டா?

6. இணைப்புகளில் வைக்கும் சீலன்ட் எத்தனை ஆண்டுகள் வரும், பிறகு யார் மாற்றுவது?

7. பின்னாளில் மேலே மாடி எடுக்கவோ, சுவரில் ஜன்னல் வெட்டவோ முடியுமா? எந்தச் சுவரைத் தொடவே கூடாது?

8. உத்தரவாதம் பலகைக்கு மட்டுமா, இணைப்புகளுக்கும் ஒழுகலுக்கும் சேர்த்தா? எழுத்தில் இருக்கிறதா?

வேலை நடக்கும் நாளில் ஒரு காரியம் மட்டும் மறக்க வேண்டாம். இணைப்புகளில் கலவை ஊற்றும் முன்பும் பின்பும், பூச்சுப் பூசி மூடும் முன்பும் ஒவ்வொன்றையும் செல்போனில் படம் எடுத்துத் தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள். மூடிய பிறகு யாராலும் பார்க்க முடியாத இடம் அது.

மாமல்லபுரத்துக்குப் போகிறவர்கள் இரண்டு விதக் கட்டுமானத்தைப் பார்க்கலாம். பஞ்சரதங்கள் பாறையிலேயே குடைந்தவை. அவற்றில் இணைப்பு என்பதே கிடையாது. கடற்கரைக் கோயில் அப்படியில்லை. ராஜசிம்ம பல்லவன் காலத்தில், கருங்கற்களை வெட்டிக் கொண்டுவந்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டியது. 1,300 ஆண்டுகளாக அலையும் உப்பும் அதன் சிற்பங்களை அரித்துவிட்டன. கல்லும் கல்லும் சேர்ந்த இடங்கள் இன்னும் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. துண்டு துண்டாகக் கொண்டுவந்து கட்டுவது இந்தக் கடற்கரைக்குப் புதிதில்லை.

அதனால் ஷோரூமில் ஏ.சி. போட்டுக் காட்டும் மாதிரி வீட்டை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். அந்த நிறுவனம் இதே கடலோரத்தில் கட்டி, குறைந்தது இரண்டு மழைக்காலம் கண்ட ஒரு வீட்டின் முகவரியைக் கேளுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் நல்ல மழை பெய்த மறுநாள் போங்கள். வீட்டுக்காரரிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு, சுவரும் கூரையும் சேரும் மூலையில் கையை வைத்துப் பாருங்கள். ஈரம் இல்லையென்றால், முன்பணம் பற்றிப் பேச ஆரம்பிக்கலாம்.